கிழக்கு வேலியோரம் காலை நடை

இது நடந்தது. நடந்த வீட்டு வளவு கொடிகாமத்துக்கு இரண்டு மைல் தள்ளி இன்றும் இருக்கிறது. அடி வாங்கிய மனிதரும் உயிரோடு இருக்கிறார். பேய்க்கதை சொல்லிப் பெயர் எடுக்க வேண்டிய குடும்பம் இல்லை அது. இருக்கிற பெயரைக் காப்பாற்றத்தான் இத்தனை வாரமும் வாயை மூடிக்கொண்டிருந்தது.

சீவரத்தினத்துக்கு அறுபத்தொரு வயது, தொண்ணூற்றெட்டுக் கிலோ. பத்து வருடமாகச் சீனி வருத்தம், நீரிழிவு. வலது பாதம் மரத்துப்போகத் தொடங்கியிருந்தது. கிளினிக்கில் வைத்தியர் சுற்றிவளைக்கவில்லை.

"ஒவ்வொரு நாளும் ஒரு மணித்தியாலம் நடவுங்கோ ஐயா. உடம்பு குறையாட்டிக் கால் போகும்."

வீட்டுக்கு வந்ததும் மனைவி மகாதேவி சொன்னாள். "விடிய றோட்டாலை நடவுங்கோவன். பள்ளிக்கூட அதிபர் செல்வநாயகம் நடக்கிறார்தானே."

"நானோ? காற்சட்டையும் சப்பாத்துமாய் றோட்டிலையோ? சனம் சிரிக்கும்."

"வயிறு முன்னாலை போக நீங்கள் பின்னாலை போறியள். அதைப் பார்த்து இப்ப மட்டும் சனம் அழுகுதோ?"

அவர் மறுநாள் தொடக்கம் சொந்த வளவுக்குள்ளேயே நடந்தார். இருபது பரப்பு, ஒன்றேகால் ஏக்கர் காணி. நாலு பக்கமும் கதியால் தடி நட்டுத் தென்னோலைக் கிடுகு அடைத்த வேலி. காலை ஐந்து மணிக்கு வெளிக்கிட்டு வேலியோரமாகச் சுற்றுவார். சூரியன் வரமுன் கிழக்கு வேலிப் பக்கம் போகக்கூடாது என்பது காலமான தகப்பனாரின் கட்டளை. பாம்புக்குப் பயந்து சொன்னதாக்கும் என்று நினைத்து, கையில் டோர்ச் கொண்டு போனார்.

அவர் எண்ணி நடப்பவர். மேற்கு மூலையிலிருந்து கிழக்கு வேலி வரை தொண்ணூற்றாறு காலடி. முதல் எட்டு நாளும் அதே தொண்ணூற்றாறு.

ஒன்பதாம் நாள் தொண்ணூற்று நாலு.

எண்ணியது பிழைத்திருக்கும் என்று திரும்பப் போய் எண்ணினார். தொண்ணூற்று நாலுதான்.

பன்னிரண்டாம் நாள் தொண்ணூறு. பகலில் போய்ப் பார்த்தால் வேலி நின்ற இடத்தில்தான் நின்றது. கதியால் ஒன்றும் புதிதில்லை. ஆனால் விடியற்புறம் மட்டும் அது முன்கூட்டியே வந்தது... அன்றுதான் சத்தமும் கேட்டது.

ணங்... ணங்...

அலவாங்கு, குழி தோண்டும் இரும்புக் கடப்பாரை, கல்லில் இறங்கும் சத்தம். யாரோ வேலிக்குக் குழி தோண்டுகிறார்கள். அப்பால் இருப்பது நல்லதம்பி என்பவரின் காணி. ஐம்பது வருடத்துக்கு மேலாக ஆளில்லாத பற்றை.

சீவரத்தினத்துக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. யாழ்ப்பாணத்தானின் வேலியில் கை வைத்தால் வருகிற கோபம்.

பதினான்காம் நாள், வியாழக்கிழமை. 4.50க்கே எழும்பிவிட்டார்.

"உந்த நேரத்திலை ஆரோடை சண்டைக்கு?" என்றாள் மகாதேவி.

"வேலியைத் தள்ளுறான் ஒருத்தன். இண்டைக்கு ஆளைப் பிடிக்காமல் விடமாட்டன்."

5.12. எண்பத்தொன்று... எண்பத்திரண்டு... எண்பத்து மூன்று...

முகத்தில் கிடுகு உரசியது. டோர்ச்சை அடித்தார். வேலி.

ணங்.

சத்தம் அப்பாலிருந்து வரவில்லை. முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. அவருடைய காணிக்குள்ளிருந்து.

திரும்பினார். வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்து தோண்டினான். டோர்ச் வெளிச்சம் அவன்மேல் நிற்கவில்லை. ஊடே போய்ப் பின்னால் நின்ற பனையில் விழுந்தது.

"ஆரடா அது, என்ரை காணிக்குள்ளை?"

தோண்டுவது நின்றது.

அவன் நிமிர்ந்தான். மெல்லத் திரும்பினான். தலை நெற்றியிலிருந்து காது வரை பிளந்திருந்தது. பிளவுக்குள் மண். அது உதிர்ந்து உதிர்ந்து தோளில் விழுந்தது...

அலவாங்கு உயர்ந்தது.

முதல் அடி வலது முழங்காலுக்குக் கீழே. பச்சைத் தடி முறிந்த மாதிரி எலும்பு முறிந்தது. மரத்துப்போன கால்தான். ஆனாலும் உயிர் போக நொந்தது.

விழுந்தார். தவழ்ந்தார்.

இரண்டாவது அடி இடது தோளில்.

வாய்க்குள் மண்ணும் இரத்தமும்.

மூன்றாவது ஓங்கினான்.

"மகாதேவீ..."

வீட்டு லைற் எரிந்தது.

ஒருவருமில்லை.

அவள் ஓடிவந்தபோது மணி 5.19. பனி ஈர மண்ணில் சீவரத்தினத்தின் சப்பாத்து அடையாளம் மட்டும்தான் இருந்தது. குழி இல்லை.

"இது விழுந்து முறிஞ்ச காலில்லை. இரும்பாலை அடிச்சது. ஆர் அடிச்சது?" என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள்.

"வழுக்கி விழுந்தனான்" என்றார். வேலிச் சண்டையில் அடி வாங்கியவர் என்ற பெயர் அந்த வீட்டுக்கு வரக் கூடாது.

நாலாம் நாள் தகப்பனின் தம்பி தம்பிராசா பார்க்க வந்தார். எண்பத்தாறு வயது. என்ன நடந்தது என்று அவர் கேட்கவில்லை.

"எத்தினை அடி?" என்றுதான் கேட்டார்.

"இரண்டு, குஞ்சியப்பு."

"முதல் காலிலை. பிறகு தோளிலை" என்றார் கிழவர்.

"உங்களுக்கு ஆர் சொன்னது?"

கிழவர் கதிரையைக் கட்டிலுக்குக் கிட்ட இழுத்தார். "உன்ரை ஐயா, என்ரை அண்ணர், மூண்டு தரம் அடிச்சவர். கடைசி மண்டையிலை. நல்லதம்பி வன்னிக்குப் போட்டான் எண்டு ஊருக்குச் சொன்னது நாங்கள். அவன் ஒரு இடமும் போகேல்லை. வேலிக்குக் கீழைதான் கிடக்கிறான்."

"அவன் எங்கடை காணியைத் தள்ளினவனோ?"

"இல்லை. தள்ளினது நாங்கள். ஒவ்வொரு வருசமும் வேலி அடைக்கேக்கை கொஞ்சம் கொஞ்சமாய். அண்டைக்கு விடிய அவன் பழைய இடத்திலை கதியால் நட வந்தவன்."

"அப்ப நீங்கள் எங்கை நிண்டனியள்?"

"லாம்பு பிடிச்சுக்கொண்டு நிண்டனான்."

வேலியைப் பழைய இடத்துக்கே எடுத்துவிடுவோம் என்றார் சீவரத்தினம். தம்பிராசா பொல்லை ஊன்றி எழும்பினார்.

"எடுத்தால் சனம் ஏன் எண்டு கேக்கும். என்ன சொல்லுவாய்? கால் போனாலும் மனிசன் இருக்கலாம். பேர் போனால் குடும்பம் இல்லை. வேலி அங்கைதான் நிக்கும்."

வேலி அங்கேதான் நின்றது.

அதிலிருந்து ஒன்பதாம் நாள் விடிய, தம்பிராசா தன் வீட்டு முற்றத்தில் செத்துக் கிடந்தார். கிணற்றடியில் வழுக்கி விழுந்தார் என்று ஊருக்குச் சொன்னார்கள். அவர் கிடந்தது மணலில். சுற்றிவர ஒரு கல்லும் இல்லை. பிரேதத்தைக் குளிப்பாட்டியவர்களிடம் வாய் திறக்க வேண்டாம் என்று சொல்லப்பட்டது. அவர்களில் ஒருவர், கிழவரின் மருமகன் பார்த்தீபன், நேற்றுத்தான் வந்து சீவரத்தினத்திடம் சொன்னார்.

கால் முறிந்திருந்தது. தோள் நொறுங்கியிருந்தது. மண்டை பிளந்திருந்தது.

கிழவருக்கு மூன்றும் விழுந்திருந்தன.

சீவரத்தினத்துக்கு வருகிற திங்கட்கிழமை கட்டு அவிழ்க்கிறார்கள். அன்றே நடக்கத் தொடங்க வேண்டுமாம்.