அச்சகத்தார் திருத்திய டாலர் கணக்கு

எண்பதுகளில் அரியலூரில் கணக்கு டீச்சராக இருந்தேன். அரையாண்டுக் கேள்வித்தாளை பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து அச்சகத்தில் கொடுத்தோம். அதன் முதலாளிக்கு மச்சான் துபாயில் இருந்தார். அந்த ஒரே தகுதியில் இவர் உலகம் தெரிந்தவராக நடமாடினார்.

இயற்கணிதக் கோவைகளைச் சாய்ந்த எழுத்தில் அச்சிட வேண்டும். அதற்காக ஒவ்வொன்றின் முன்னும் பின்னும் டாலர் குறியைப் போட்டிருந்தேன். அரியலூரில் டாலருக்கு வேறு வேலை ஏது?

"இது உங்களுக்கான அடையாளம். அச்சுல வரக்கூடாதுங்க" என்றேன்.

"எனக்குத் தெரியாததா டீச்சர், போயிட்டு வாங்க" என்றார், தாளைப் பார்க்காமலே.

தேர்வன்று காலையில்தான் கட்டைப் பிரித்தோம். கோவைகள் எல்லாம் டாலரில் தொடங்கி டாலரில் முடிந்தன. போதாக்குறைக்கு, வட்டிக் கணக்கில் நான் எழுதிய ரூபாயும் டாலராகியிருந்தது. முன் பெஞ்சு மாணவி எழுந்து, "எக்ஸ் டாலர்னா நம்ம காசுக்கு எவ்வளவுங்க டீச்சர்?" என்று கேட்டாள். பாவம், அவள் என்ன செய்வாள்? எல்லாக் கேள்விகளையும் கரும்பலகையில் எழுதிப் போட்டேன்.

மாலையில் அச்சகத்துக்குப் போனேன். "எல்லா எடத்துலயும் டாலர் போட்டுட்டு வட்டிக் கணக்குல மட்டும் மறந்துட்டீங்க. நான்தான் திருத்துனேன்" என்றார், நன்றியை எதிர்பார்ப்பவர் போல.

தலைமையாசிரியரிடம் முறையிட்டேன். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஃபாரின் பேப்பர் மாதிரியில்ல இருக்கு!" என்று பூரித்தார். முழு ஆண்டுத் தேர்வுக்கும் அதே அச்சகம்தான் என்று சொல்லிவிட்டார்.

இந்த இரண்டு மூடர்களுக்கும் பாடம் நடத்த எனக்குச் சம்பளம் இல்லை. முழு ஆண்டுக் கணக்குத் தாளை நானே ஸ்டென்சிலில் எழுதி, சைக்ளோஸ்டைல் மெஷினில் உருட்டிப் பிரதி எடுத்தேன்.