சாளை மணத்த பேரிங்

சாளை மீனின் வாடையும் மண்ணெண்ணெய் வாடையும் ஒன்றாய்க் கலந்து எங்காவது மூக்கில் ஏறினால், இன்றும் கையிலிருப்பதை வைத்துவிட்டு ஒருமுறை தெருவைப் பார்ப்பேன். மீன்காரரின் பெட்டியிலிருந்து வாங்கிய ஐஸ்கட்டியை உடைத்து, கல்லுப்புத் தூவி, இரண்டு பிளாஸ்டிக் கவர்களில் கட்டிய ஒரு பேரிங்கை அதற்குள் புதைத்து, எங்கள் அடுக்களை வாசலில் அலுமினியச் சட்டியில் வைத்திருந்த அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பத்து வயது.

அப்பாவுக்கு இடது கால் சூம்பியது. குழந்தையில் வந்த காய்ச்சல் கொண்டுபோன கால். தொடையில் கையை ஊன்றித்தான் நடப்பார். தக்கலையில் ஓர் அலுவலகத்தில் கிளார்க். பின்னால் இருபுறமும் சின்னச் சக்கரம் பொருத்திய, அவரைவிடக் கொஞ்சமே இளைய ஒரு ஸ்கூட்டர்தான் அவரைக் கொண்டுபோய்க் கொண்டுவந்தது. அதன் எஞ்சின் பேரிங் தேய்ந்து வண்டி படுத்துவிட, இரண்டு வாரமாகப் பஸ். கண்டக்டர் மேலிருந்து கையைப் பிடித்து இழுக்க, கீழிருந்து யாராவது இரண்டு பேர் ‘பிடிலே, சாரை ஏத்து’ என்று இடுப்பில் கைகொடுத்துத் தூக்குவார்கள். ஒருநாள் சட்டை கக்கத்தில் கிழிந்து வந்தார். அம்மை ஒன்றும் கேட்காமல் தைத்துப் போட்டாள். சட்டையை மாட்டும்போது அப்பா சிரித்துக்கொண்டே, “மனுசனைத் தூக்குறது ஒரே ஒரு நாளாத்தான் இருக்கணும், கேட்டியா?” என்றார். அம்மை சிரிக்கவில்லை.

புது பேரிங் கோயம்புத்தூரிலிருந்து அவரோடு படித்த கூட்டுக்காரர் ஒருவர் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தது. ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. மெழுகுக் காகிதத்தில் பொதிந்து, அலமாரி இழுப்பறையில், ஞானஸ்நானச் சீட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். சனிக்கிழமை மத்தியானம் வீட்டில் எல்லாரும் உறங்கும்போது நான் அதை எடுத்தேன். கட்டைவிரலில் மாட்டிச் சுழற்றினால் பட்டுத்துணி கிழிவதுபோல ஓர் இனிய இரைச்சல். இன்னும் வேகம், இன்னும் வேகம் என்று முற்றத்துக்கே வந்துவிட்டேன். விரலிலிருந்து நழுவியது, உருண்டது, மதில் கட்டக் கொட்டியிருந்த ஆற்றுமணலில் போய்க் குப்புற விழுந்தது. எடுத்துச் சுழற்றினேன். கறுக், கறுக். பாவாடை நுனியால் துடைத்தேன், ஊதினேன், திரும்பவும் கறுக். பொதிந்து இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

‘ஒரு பொடி மணலு போதும், எஞ்சினைத் தின்னு தீத்துரும்’ என்பது அப்பா எப்போதும் சொல்வது. ‘பேரிங் உள்ள போனா போனதுதான், பின்ன உடைச்சுத்தான் எடுக்கணும்’ என்பது இன்னொன்று. ராத்திரி முழுக்க இரண்டையும் மாறிமாறிக் கேட்டுக்கொண்டு கிடந்தேன். ஓடுகிற வண்டி குழித்துறைப் பாலத்தில் திடீரென்று இறுகி நிற்பதும், பின்னால் லாரி வருவதும், எனக்குள் படம்போல ஓடின. காலையில் கோயிலில், ஓய்வுநாள் பள்ளியில் எந்தப் பாட்டுக்கும் வாய் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் எல்லாம் தயாராகியிருந்தது. பேரிங் போய் உட்கார வேண்டிய எஞ்சினின் அலுமினியக் கூட்டை முன்பு ஒரு மெக்கானிக் சுத்தியலால் அடித்து விரிசல் விழ, வெல்டிங் வைத்த தழும்பு அதில் இருந்தது. இன்னொரு அடியைத் தாங்காது. அதனால் அப்பாவே ஒரு வழி கண்டிருந்தார். கூட்டைச் சூடாக்கினால் அதன் குழி கொஞ்சம் விரியும். பேரிங்கைக் குளிரவைத்தால் அது கொஞ்சம் சுருங்கும். அந்த மயிரிழை இடைவெளியில், நாலைந்து நொடிக்குள், அடிக்காமல் இறக்கிவிட வேண்டும். ஆனால் குனிந்து நின்று இரண்டு கையையும் தொடையிலிருந்து எடுக்க அப்பாவால் ஆகாது. போட வேண்டியது அம்மை.

“நானா? எனக்குத் தோசை சுடத்தான் தெரியும்.”

“அதுதான் பிள்ளே இதுக்கு வேண்டியது” என்றார் அப்பா.

இரும்புத் தோசைக்கல்லில் கூடு ஏறியது. அம்மை விரலால் தண்ணீர் தெளித்துப் பார்த்தாள். “முத்துமுத்தா ஓடப்பிடாது, சுர்ருன்னு வத்தணும்” என்று அப்பா சொல்ல, “தோசைப் பதம். அதை நீங்களா எனக்குச் சொல்லித் தாறது?” என்றாள். அதற்கு முன்பே ஒரு கருப்பட்டி வட்டைத் தேங்காய்ச் சிரட்டைக்குள் நேராகப் போட்டு மூன்று தடவை ஒத்திகை பார்த்திருந்தாள். மூன்றாவது தடவை கருப்பட்டி உடைந்ததால் எனக்கு ஒரு துண்டு கிடைத்தது. அதைப் பாவாடை நுனியில் முடிந்துவைத்தேன்.

கவரைப் பிரித்ததும் பேரிங்கில் வெள்ளையாய்ப் பனி பூத்தது. அம்மை கைப்பிடித் துணியால் அதை எடுத்தாள். அப்பா அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார்: “எல்லாம் சரிதானே?”

நான் தலையாட்டினேன்.

அம்மை அவசரத்தில் சாய்த்துப் போட்டுவிட்டாள். பேரிங் பாதியில் சரிந்து, ஒருபக்கம் தூக்கி நின்று கடித்துக்கொண்டது. அப்பா பக்கத்தில் கிடந்த மரச்சுத்தியலை எடுத்தார், ஓங்கவும் செய்தார். பிறகு அந்த வெல்டிங் தழும்பைப் பார்த்துக் கையைத் தாழ்த்தினார். “திரும்பச் சூடாக்கு.”

கூடு மறுபடி அடுப்பேறியது. சூடு பிடித்ததும் கவிழ்த்துத் தட்ட, பேரிங் தானே கழன்று விழுந்து மறுபடி ஐஸுக்குள் போனது. கடவுளே எனக்காகக் கதவைத் திரும்பத் திறந்துவைத்ததுபோல அரைமணி நேரம். இப்போது சொல்லிவிட வேண்டும், இப்போது, இந்த விறகு எரிந்து முடிவதற்குள். “அம்மை…” என்றேன்.

“மிண்டாம இரி மக்கா. எனக்குக் கையி விறைக்கி.”

வாயை மூடிக்கொண்டு விறகை அடுப்புக்குள் தள்ளினேன்.

இரண்டாவது தடவை, கிணற்றில் கல் போட்டதுபோல, ‘டொக்’. நேராக, அடிவரைக்கும். அம்மை கண்ணீரோடு சிரித்தாள். “இனி உங்க வண்டி சாளை மணக்கும், வழியெல்லாம் பூனை வரும்.” அப்பா ஒரு விரலை உள்ளே விட்டு, சூடு ஆறும்வரை மெதுவாகச் சுழற்றிக்கொண்டே இருந்தார். அப்போதும் அவர் கண் என் மேல்தான் இருந்தது.

வியாழக்கிழமை அப்பா யாரும் தூக்காமல் ஆபீஸ் போனார். அன்று தொடங்கி, கல்யாணமாகி நான் அஞ்சுகிராமம் போகும்வரை, மாலை ஐந்தரைக்கு என் காதுகள் மட்டும் எழுந்துபோய்த் தெருவளைவில் நிற்கும். வண்டியின் ஒவ்வொரு இருமலிலும் மணல் கேட்டது. மழைநாளில் பத்து நிமிடம் தாமதமானால் குழித்துறைப் பாலமும் லாரியும் வந்துவிடும். ஆபீஸ் இருப்பது தக்கலையில், குழித்துறை வழியில் அவர் போவதே இல்லை என்பதெல்லாம் அந்தப் பயத்துக்குத் தெரியவில்லை.

அப்பாவுக்கு வயதாகிவிட்டது, இப்போது என்னோடு இருக்கிறார். போன மழைக்காலத்தில், அவருக்குக் காலில் தைலம் தேய்க்கும்போது, என்னை அறியாமலே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார்.

“புதுசுன்னாலும் மண்ணெண்ணெயில கழுவாம யாரும் பேரிங் போடுவானா மக்கா? நீ கோயிலுக்குப் போன நேரத்துல கழுவினேன். கிண்ணத்துக்க அடியில அவ்வளவு மணலு.”

“அப்போ தெரியுமா? ஏன் கேக்கல்ல?”

“கேட்டேனே. நீ தலையாட்டிட்ட.” தைலம் தேய்த்த காலைக் கையால் எடுத்து நீட்டிவைத்தார். “நீயா வந்து சொல்லுவேன்னு கொஞ்ச காலம் பாத்தேன். பின்ன நானும் மறந்துட்டேன்.”

அவர் மறந்திருக்கவில்லை என்று எனக்குத் தோன்றியது.

ஸ்கூட்டரைப் பழைய இரும்புக்காரர் கொண்டுபோய்விட்டார். இன்று என் வீட்டு முற்றத்தில் என் மகளின் பேட்டரி வண்டி நிற்கிறது. தெருவில் அந்தப் படபட ஓசையும் இல்லை, புகையும் இல்லை. சத்தமே இல்லாத வண்டிக்காக எப்படிக் காதைத் தீட்டிக் காத்திருப்பது என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. நேற்று அவள் வர ஒருமணி நேரம் தாமதம். வந்ததே தெரியாமல் வாசலில் நின்றாள். வண்டியின் முன்பக்கம் புதிதாய் ஒரு கீறல்.

“எல்லாம் சரிதானே?” என்றேன்.

தலையாட்டினாள். உள்ளே நாற்காலியில் இருந்த அப்பா அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.