பர்மனென்ட் சேனை

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஐடிஐயைப் பாதியில் விட்ட பிறகு நான் பேனா பிடித்ததெல்லாம் கேஸ் சிலிண்டர் வரும்போது கையெழுத்துப் போடத்தான். அதோடு, அம்மா கண்ணில் இது பட்டால் என் தோல் உரிந்துவிடும். அப்புறம் யோசித்தேன். அம்மா சீரியலை விட்டு எழுந்தால்தானே இதையெல்லாம் படிக்க? போன வாரம் அக்கா பையன் பக்கத்து வீட்டுக்காரர் செருப்பில் ஒரு காலை மட்டும் எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிட்டான். திட்டு எனக்கு விழுந்தது. நான் அப்போது வீட்டிலேயே இல்லை. இதற்கு மேல் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது.

அவன் பிறந்த நாளில் ஆரம்பித்த வம்பு இது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்காவுக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் பிரசவம் ஆனது. சுகப்பிரசவம்தான். ஆனால் பையன் எடை கம்மி. துண்டுக்குள் தேடினால்தான் ஆளே தெரிந்தான். அக்கா புருஷன் நெய்வேலி மைன்ஸில் காண்ட்ராக்ட் வேலை. அன்றைக்கு லீவு போட்டால் மறுநாள் அந்த இடத்தில் வேறு ஆள் நிற்பான் என்று ஷிப்ட்டுக்குப் போய்விட்டார். ஆகவே ஆஸ்பத்திரியில் ஆம்பளை என்று நான் ஒருவன்தான். பிளாஸ்க் தூக்குவது, மாத்திரை வாங்குவது, வாட்ச்மேனிடம் கெஞ்சுவது எல்லாம் என் டிபார்ட்மென்ட்.

வார்டு வாசலில் வாட்ச்மேன் கையை நீட்டி மறித்தார்.

"ஆம்பளைங்க உள்ள போகக் கூடாதுப்பா. பார்வை நேரத்துல வா."

"வெந்நி மட்டும் போலாமா?"

"வெந்நி போலாம்."

"அது தனியாப் போவாதுண்ணே. நடக்கத் தெரியாது."

அவர் சிரித்த நேரத்தில் நான் உள்ளே இருந்தேன்.

உள்ளே நர்சம்மா அக்காவுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். நல்ல குரல். எட்டாவது கட்டில் வரைக்கும் எல்லாருக்கும் சேர்த்து ஒரே பாடம்.

"மஞ்சளா வர்ற பாலைப் பீச்சிக் கீழ விட்டுடாத. அதான் புள்ளைக்கு மொத தடுப்பூசி மாதிரி. துளித் துளியாத்தான் வரும், பயப்படாத. உறிஞ்ச உறிஞ்சத்தான் ஊறும். தேன், சர்க்கரத் தண்ணி, கழுதப் பாலுன்னு யாராவது கொண்டாந்தா வாங்காத. வயிறு நெறஞ்சிடும், அப்பால மாரை உறிஞ்ச மாட்டான். ஏற்கெனவே எடை இல்ல. வயித்தால போச்சுன்னா இந்த ஒடம்பு தாங்காது. கண்ணாடிப் பொட்டியில கொண்டு போய் வைக்க வேண்டியதாயிடும்."

அக்கா தலையாட்டினாள். கண்ணில் தண்ணீர் நின்றது. சின்ன வயதில் அவள் ஜடையைக் கட்டில் காலில் கட்டிவிட்டுப் போனவன் நான். அப்போதுகூட அவள் முகம் அப்படி இருக்கவில்லை.

சாயங்காலம் பார்வை நேரத்தில்தான் சர்க்கரையே வந்தது.

எங்கள் பக்கத்தில் சேனை வைப்பது என்று ஒன்று உண்டு. பிள்ளை பிறந்ததும் பெரியவர் ஒருவர் சர்க்கரைத் தண்ணீரை அதன் நாக்கில் தொட்டு வைப்பார். வைக்கிறவர் குணம் பிள்ளைக்கு அப்படியே வந்துவிடும் என்று நம்பிக்கை. மற்ற ஊரில் நல்ல குணம், பொறுமை, தர்ம சிந்தனை உள்ளவராகப் பார்த்துக் கூப்பிடுவார்கள். நெய்வேலியில் குணத்தை யார் பார்க்கிறார்கள்? பர்மனென்டா, காண்ட்ராக்டா? அவ்வளவுதான்.

அக்கா மாமியார், அதாவது என் அத்தை, குறிஞ்சிப்பாடியிலிருந்து வரும்போதே ஆளை முடிவு பண்ணிக்கொண்டுதான் பஸ் ஏறியிருந்தார். அக்கா புருஷனின் பெரியப்பா. நாங்கள் பெரிய மாமா என்று கூப்பிடுவோம். பர்மனென்ட். குவார்ட்டர்ஸில் வீடு, வாசலில் மாமரம், மரத்துக்கும் பர்மனென்ட் திமிர், கல்லால் அடித்தாலும் காய் விழாது. இவர் மனசு வைத்தால் அக்கா புருஷனை ஒரு நல்ல காண்ட்ராக்டரிடம் சேர்த்துவிடுவார் என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்ததால், இவர் தும்மினால்கூட இரண்டு பேர் எழுந்து நிற்பார்கள்.

இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. ஞாயிற்றுக்கிழமை, வீக்லி ஆஃப்.

"இன்னா பெரிய மாமா, புள்ளையப் பாக்கக் கேட்ல எதுனா காட்டணுமா? கார்டு மாட்டிகினு வந்திருக்கீங்க?" என்றேன்.

அம்மா என் விலாவில் இடித்தாள். அத்தை கோபித்துக்கொள்ளவில்லை. "இருக்கட்டும்டா. கார்டு மேல இருந்தா புள்ளைக்கும் அந்த யோகம் ஒட்டும்" என்றார்.

பையிலிருந்து ஒரு சர்க்கரைப் பொட்டலத்தையும் ஒரு வெள்ளிச் சங்கையும் எடுத்துக் கட்டிலில் வைத்தார் அத்தை. சேனையோடு விடுகிற யோசனை அவருக்கு இல்லை.

"புள்ளைக்குத் தொண்ட காயுது பாரு. இவளுக்கு எங்க பாலு வருது? ரெண்டு நாளைக்கு சங்குல ஊத்திகினே இருந்தா புள்ள தெம்பாயிடும்."

அக்கா மெல்ல, "நர்சம்மா வேணான்னாங்க அத்தை" என்றாள்.

"அவங்க அப்டித்தான் சொல்லுவாங்க. எம் புள்ளைய நான் எப்டி வளத்தேன்?"

பெரிய மாமா வாட்சைப் பார்த்தார். ராகு காலம் நடந்துகொண்டிருந்தது. "முடிஞ்சதும் வச்சிடலாம். அதுக்குள்ள ஒரு டீ குடிக்கலாம்" என்றார். அவரும் அத்தையும் அம்மாவும் கீழே போனார்கள். பையைப் பார்த்துக்கொள்ள என்னை விட்டுவிட்டுப் போனார்கள். திருடனைப் பெட்டி மேல் உட்கார வைத்த மாதிரி.

அவர்கள் படி இறங்கியதும் அக்கா அழ ஆரம்பித்தாள்.

"டேய், ஏதாச்சும் பண்ணுடா. புள்ளய கண்ணாடிப் பொட்டியில வச்சிடப் போறாங்கடா."

"நர்சம்மாகிட்ட சொல்லிடட்டா?"

"வேணாம். நான்தான் சொல்லிக் குடுத்தேன்னு காலத்துக்கும் குத்திக் காட்டுவாங்க. பெரிய மாமாவும் கோச்சிக்குவாரு. இவருக்கு வேலை சொல்லி வச்சிருக்காரு இல்ல?"

"பொட்டலத்தத் தூக்கி வெளிய போட்டுட்டா?"

"கீழ கடையில வேற வாங்கிகினு வருவாங்க."

வாஸ்தவம். சர்க்கரைக்கா பஞ்சம்? நான் பிள்ளையைப் பார்த்தேன். அவன் வாயைக் கோணலாக வைத்துக்கொண்டு தூங்கினான். சேனையைத் தடுக்க முடியாது, சரி. ஆனால் ஏற்கெனவே வைத்தாகிவிட்டது என்றால்? முதலில் வைக்கிறவன் குணம்தானே கணக்கு. அதுவும் வைத்தவன் நானாக இருந்தால்? சங்குக் கதையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அக்காவிடம் சொன்னேன். அழுதுகொண்டிருந்தவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள்.

"ஒன்ன வெளுத்துடுவாங்கடா."

"புதுசா?"

பொட்டலத்தைப் பிரித்து ஒரு வாய் சர்க்கரையை அள்ளி என் வாயில் போட்டுக்கொண்டேன். சங்கில் கொஞ்சம் வெந்நீர் ஊற்றிக் கலக்கி அதையும் நானே குடித்தேன். பிள்ளை பக்கத்தில்கூடப் போகவில்லை. இதை இங்கே எழுதி வைத்துவிடுகிறேன்: பக்கத்தில்கூடப் போகவில்லை.

ராகு காலம் முடிந்து மூவரும் வந்தார்கள். பெரிய மாமா கையைக் கழுவி, கார்டை நேராக்கிக்கொண்டு, கிழக்குப் பார்த்து நின்றார். அத்தை சங்கை எடுத்தார். அது ஈரமாக இருந்தது.

"யார்றா இதத் தொட்டது?"

"நான்தான் அத்தை. புள்ள அழுதான். கொஞ்சூண்டு நாக்குல வச்சேன். சப்புக் கொட்டினு குடிச்சான்."

அம்மா தலையிலேயே அடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"பாவி! குடும்பத்துல ஒன்னு போதாதுன்னு இன்னொன்னு பண்ணிட்டியேடா!"

பெற்ற தாய் பேசுகிற பேச்சா இது?

அத்தை பெரிய மாமாவைப் பார்த்தார். "நீங்க மேல ஒரு தடவ வச்சிடுங்க. சரியாப் போவும்."

"ஆமா, பெயின்ட்டு மாதிரி ஒரு கோட்டு மேல இன்னொரு கோட்டு அடிங்க பெரிய மாமா" என்றேன். "பழசு மறைஞ்சிடும்."

பெரிய மாமா இரண்டு அடி பின்னால் போனார். கார்டைக் கையால் மூடிக்கொண்டார்.

"வேணாம். இவன் கொணத்தோட எங் கொணம் கலந்தா புள்ள யூனியன் லீடராத்தான் வந்து நிப்பான். நான் வெக்க மாட்டேன்."

கோபத்தில் அத்தை செய்த காரியம்தான் நான் கனவிலும் எதிர்பார்க்காதது. வாசலைப் பார்த்துக் கத்தினார்.

"சிஸ்டர்! இங்க வந்து பாருங்க சிஸ்டர்! இந்தப் பய புள்ள வாயில சர்க்கரத் தண்ணி வச்சிட்டான்!"

நர்சம்மா வந்த வேகத்தில் பக்கத்துக் கட்டிலின் திரை பறந்தது. முதலில் பிள்ளையைத் தூக்கி வாயைப் பார்த்தார். பிறகு என் காதைப் பிடித்தார்.

"அறிவிருக்கா ஒனக்கு? படிச்சவன்தான நீ?"

"பாதி சிஸ்டர்."

"சர்க்கரை யாரு கொண்டாந்தது?"

அம்மா அத்தையைப் பார்த்தாள். அத்தை பெரிய மாமாவைப் பார்த்தார். பெரிய மாமா அடையாள அட்டையைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

நர்சம்மா பொட்டலம், சங்கு, பிளாஸ்க் மூன்றையும் அள்ளிக்கொண்டார். "டிஸ்சார்ஜ் அன்னிக்கு வந்து வாங்கிக்குங்க. அதுவரைக்கும் இந்தக் கட்டில் பக்கம் சொட்டுத் தண்ணி வரக் கூடாது. நான் சொல்லிட்டேன்." எங்களை எல்லாம் வெளியே தள்ளிவிட்டு, அக்காவை நிமிர்த்தி உட்கார வைத்து, பிள்ளையை அவள் நெஞ்சோடு நெஞ்சாகப் போட்டார். நான் வெளியே காதைத் தடவிக்கொண்டு நின்றேன். சுவர் ஓரமாக அத்தை என்னைத் திட்டிக்கொண்டே இருந்தார். குறிஞ்சிப்பாடியில் எத்தனை வசவு உண்டோ அத்தனையும் வந்தது.

மறுநாள் சாயங்காலத்துக்குள் அக்காவுக்குப் பால் இறங்கிவிட்டது. பையன் குடிக்கிற சத்தம் திரைக்கு இந்தப் பக்கம் கேட்டது. மண்ணெண்ணெய் ஊற்றுகிற மாதிரி கொடக் கொடக் என்று. அத்தைகூட, "குடிக்கிறானே!" என்றார். டிஸ்சார்ஜ் அன்றைக்கு எடை ஏறுமுகம் என்றார் நர்சம்மா. கண்ணாடிப் பெட்டிப் பேச்சே எழவில்லை. சங்கைத் திருப்பிக் கொடுக்கும்போது நர்சம்மா என்னைப் பார்த்து ஒரு மாதிரி சிரித்தார். அக்கா அவரிடம் சொல்லியிருக்கிறாள். அத்தோடு அந்த நல்ல பேர் முடிந்தது. வீட்டில் யாருக்கும் சொல்லக் கூடாது என்று அக்கா சத்தியம் வாங்கிவிட்டாள். ஆறு மாசம் வரைக்கும் தண்ணீர்கூடக் கொடுக்காமல் தாய்ப்பாலிலேயே அவனை வளர்த்துவிட்டாள். யாராவது சங்கை எடுத்தால், "ஏற்கெனவே ஒருத்தன் வச்சது போதாதா?" என்று கேட்பாள். அதோடு சங்கு உள்ளே போய்விடும். இந்த ஆயுதத்தை நானே செய்து கொடுத்தேன், அடி மட்டும் எனக்கு.

இப்போது அவனுக்கு மூன்று வயது. கொழுகொழு என்று இருக்கிறான். ரைம்ஸ் சொன்னால் அவன் அப்பா வீட்டு அறிவு. பெரிய மாமாவின் மூக்குக் கண்ணாடியைத் தோசை மாவுக்குள் முக்கினால் என் சேனை. கம்பெனி பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் மண்டையில் தாளம் போட்டால் என் சேனை. "வச்சவன் கொணம் வராம எங்க போவும்?" என்று அம்மா பெருமூச்சு விடுகிறாள். அக்கா அடுப்படியில் திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரிக்கிறாள்.

செருப்பு விவகாரம் நடந்த அன்றைக்கு எனக்குத் தாங்கவில்லை. பையனை வண்டியில் முன்னால் உட்கார வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்குப் போனேன். என் கூட்டாளி அங்கே இருந்தான். சத்தியத்தை மீறி எல்லாவற்றையும் அவனிடம் கொட்டினேன். "நான் அவன் நாக்கத் தொடவே இல்லடா. ஒரு சொட்டு வெக்கல. எல்லாத்தையும் நானேதான் குடிச்சேன்" என்றேன்.

அந்த நேரம் பார்த்து எங்கள் பையன், பெஞ்சில் அசந்து தூங்கிய லாரி டிரைவர் ஒருவரின் இரண்டு கால் கட்டை விரலையும் பொட்டலம் கட்டுகிற நூலால் சேர்த்துக் கட்டிவிட்டு, ஒன்றும் தெரியாதவன் போல வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, என் டீயில் ஒரு வாய் குடித்தான்.

கூட்டாளி அவனைப் பார்த்தான், டிரைவர் காலைப் பார்த்தான், கடைசியாக என்னைப் பார்த்தான்.

"வெக்காமலே இப்டின்னா, வச்சிருந்தா இன்னா ஆயிருக்கும்டா?"