ஐந்து நொடியில் பதிந்த டிஸ்க்

பெரியம்மா மகளோடு இருக்க வெளிநாடு கிளம்பியது ஒரு செவ்வாய்க்கிழமை. பெட்டியைப் பூட்டிய பிறகு அவள் தம்பி, அதாவது என் மாமா, மூச்சிரைக்க வந்து ஒரு டிஸ்க்கை அவள் கைப்பையில் சொருகினாராம். நான் அப்போது ஊர் சுற்றிக்கொண்டிருந்தேன். எல்லாம் அம்மா சொல்லித்தான் தெரியும். பெரியப்பா இறந்து ஏழு வருஷம். அவர் குரல் மிச்சமிருப்பது ஒரே வீடியோவில்: மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டே அரை மணி நேரம் எல்லாரையும் திட்டுவார். படம் பிடித்தவர் மாமா. அதைத்தான் டிஸ்க்கில் பதிந்து கொடுத்திருந்தார்.

போய்ச் சேர்ந்த மறுநாளே பெரியம்மாவிடமிருந்து மாமாவுக்குப் போன் வந்தது. "டேய், டிஸ்க்குல ஒண்ணுமே இல்லைங்குது."

"இங்க நல்லா ஓடுச்சேக்கா. உன் பிளேயரத் தொடச்சுப் பாரு."

மாமா லிப்ட் மெக்கானிக். பழுது பார்த்த லிப்டில் தானே மூன்று முறை ஏறி இறங்காமல் கையெழுத்துப் போட மாட்டார். டிஸ்க்கிலும் அதே ஒழுங்கு. பதிவார், அதே கம்ப்யூட்டரில் போட்டு முழு அரை மணி நேரமும் பார்ப்பார், 'சரி' என்று நோட்டில் எழுதிவிட்டுத் தபாலில் அனுப்புவார். இரண்டாவதும் ஓடவில்லை. மூன்றாவதும் ஓடவில்லை. தபால்காரன் வளைத்துவிட்டான், கம்பெனி சரியில்லை, அக்காவுக்கு ரிமோட் பிடிக்கத் தெரியவில்லை என்று ஒவ்வொரு முறையும் ஒரு குற்றவாளி கிடைத்தான்.

நான் திரும்பி வந்தபோது மாமா வீட்டில் நான்காவது டிஸ்க் தயாராகிக்கொண்டிருந்தது.

"நெட்ல அனுப்பிடலாமே மாமா?"

"அவ ரிமோட்டத் தவிர எதையும் தொடமாட்டா. நீ சும்மா இரு."

டிஸ்க் ஐந்தே நொடியில் வெளியே வந்தது.

"பாத்தியா வேகத்த?" என்றார் மாமா.

"அரை மணி நேரப் படம் அஞ்சு நொடியில எப்படி மாமா ஏறும்?"

"உன் வயசுல சந்தேகம்தான் முதல்ல வரும். இத அனுப்பிட்டு கம்ப்யூட்டர மொத்தமா அழிச்சுடப் போறேன். ரொம்ப மெதுவாயிடுச்சு. படம்தான் டிஸ்க்குல இருக்கே."

டிஸ்க்கைப் பிடுங்கித் திறந்து பார்த்தேன். உள்ளே படமே இல்லை. திரையில் கிடந்த, மூலையில் அம்புக்குறி போட்ட குறியை அப்படியே இழுத்துப் போட்டிருக்கிறார். அது படத்துக்கு வழி காட்டும் முகவரி மட்டும்தான். இந்தக் கம்ப்யூட்டரில் அழுத்தினால், இதற்குள்ளேயே இருக்கும் படம் ஓடும். வேறு எங்கே போட்டாலும் வெறும் தகடு. மூன்று மாதமாக மாமா பரிசோதித்தது தன் கம்ப்யூட்டரைத்தான்.

சொன்னேன். நம்பவில்லை. டிஸ்க்கைப் பக்கத்து வீட்டுப் பிளேயரில் போட்டுக் காட்டினேன். ஓடவில்லை. திரும்பி வந்ததும் நோட்டைத் திறந்து மூன்று 'சரி'யையும் அடித்தார்.

"வீட்டு விலாசத்த அனுப்பிட்டு வீட்டையே அனுப்பினதா நெனச்சிருக்காரு," என்று அடுப்படியிலிருந்து அத்தை சிரித்தாள்.

"நீ உன் வேலையப் பாரு."

கம்ப்யூட்டரை அழிக்க மாட்டேன் என்று அவரிடம் சத்தியம் வாங்கினேன். பிறகு படத்தைப் பிளேயருக்கு ஏற்ற மாதிரி மாற்றிப் பதிய உட்கார்ந்தேன். நாற்பது நிமிஷம் ஆனது. மாமா நாற்பது தரம் எட்டிப் பார்த்தார். "உன் கை பட்டதும் மிஷினே படுத்துடுச்சு." கையில் கிடைத்த எதையாவது எறியலாம் போலிருந்தது. முடிந்ததும் பக்கத்து வீட்டில் போட்டோம். பெரியப்பா முதல் வார்த்தையிலேயே கத்த ஆரம்பித்தார். மாமா முழுதும் நின்றுகொண்டே பார்த்தார்.

அனுப்பினோம். பதில் இல்லை. போன் செய்தால் இன்னும் வரவில்லை என்றார்கள். எனக்கும் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை, மறுபடி கிளம்பிவிட்டேன்.

ஐந்து மாதம் கழித்து, ஒரு பேருந்தில் போகும்போது செய்தி வந்தது. பெரியம்மா சொல்லச் சொல்ல மகள் அடித்திருந்தாள்.

"டிஸ்க் இன்னிக்குத்தான் வந்துச்சு. ஓடுது. ரெண்டு தரம் பாத்துட்டேன். பதினோராவது நிமிஷத்துல உன் மாமாவத் திட்டுறாரு, 'எதப் புடிக்கிறேன்னு பாத்துப் புடிடா'ன்னு. அந்த இடத்த மட்டும் அவனுக்குப் போட்டுக் காட்டு."