கராஜுக்குப் போன செக் வைன்

இன்று கனடாவில், எங்கள் அஜக்ஸ் வீட்டில் இருந்தவர்கள்: நான், மகன் ரஞ்சன், பேத்தி மதுரா, அவள் கட்டப்போகும் செக் நாட்டுப் பெடியன், அவனுடைய தாய் தகப்பன், என் தம்பி குலேந்திரன்.

பெடியனின் தகப்பன் ஊரிலிருந்து சிவப்பு வைன் கொண்டுவந்திருந்தார். சொந்த அண்ணனின் தோட்டத்துத் திராட்சையாம். வாத்து இறைச்சிக்கு நன்றாகச் சேருமாம். அதற்காகவே மதுரா என்னைக்கொண்டு வாத்துக் கறி வைப்பித்தாள்.

ரஞ்சன் என் முகத்தைப் பார்த்தான். எங்கள் வீட்டில் ஒருவரும் குடிப்பதில்லை என்று இங்கிலிஷில் சொல்லிவிட்டுப் போத்தலைக் கராஜில் கொண்டுபோய் வைத்தான். எனக்கு மரியாதையாம். இவ்வளவு காலமும் இவனும் என் தம்பியும் அந்தக் கராஜுக்குள்தான் ஒளித்துக் குடிக்கிறார்கள். எனக்குத் தெரியாதென்று நினைப்பு.

அந்த மனிசனின் முகம் கறுத்துவிட்டது.

"அப்பம்மா, ப்ளீஸ், ஏதாவது செய்யுங்கோ. எல்லாம் குழம்பப்போகுது" என்று மதுரா காதுக்குள் அழுதாள்.

"ரஞ்சன், அந்தப் போத்திலைக் கொண்டு வா. நானும் ஒரு வாய் குடிக்கிறன்" என்றேன்.

வந்தது. ஊற்றினால் நுரைத்தது. பெடியனின் தகப்பன் ஒரு வாய் குடித்துவிட்டுக் கிளாஸைத் தள்ளி வைத்தார்.

கராஜ் வாசலில் நின்று என் தம்பி சொல்கிறான்: "சரியான புளிப்பு அக்கா. கொஞ்சம் குடிச்சிட்டு, கோக் விட்டு நிரப்பினனான்."

கலியாணம் நடக்குமோ தெரியாது. இதற்கு என்ன சொல்லிச் சமாளிக்கலாம் என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.

ரஞ்சனைக்கூட மன்னிப்பேன். மன்னிக்கவே மாட்டேன், குலேந்திரனை.