இரண்டாவது அடையாளம்

கடல் ஒத்துக்கொள்ளாத மீனவன் என்று உலகில் ஒருவன் இருந்தால், அவன் திருவொற்றியூர்க் குப்பத்து நீலமேகமாகத்தான் இருக்க வேண்டும். கட்டுமரம் கரையை விட்டு நகர்ந்ததும் அவனுக்குக் குடல் புரளும். தந்தை எட்டு முறை அழைத்துப் போய்ப் பார்த்தார். எட்டு முறையும் பிள்ளை வெளுத்த முகத்தோடு திரும்பினான். ஆகவே மூத்தவன் எத்திராஜுக்குக் கட்டுமரம், இளையவனுக்கு நான்காம் வகுப்பு என்று பாகம் பிரிந்தது. நான்காம் வகுப்புக்கு மேல் அவன் கற்றதெல்லாம் தானே கற்றது. துறைமுகத்தில் இறங்கும் சரக்கைப் பட்டியலோடு ஒத்துப் பார்க்கும் டாலி கிளார்க் வேலை கிடைத்தபோது, அவன் எழுத்தின் நேர்த்தியைக் கண்டு மேலதிகாரியே வியந்தார். ஆனால் பதவி உயர்வு மூன்று முறையும் வேறொருவருக்குப் போயிற்று. மூன்று மறுப்புக் கடிதங்களையும் அவன் தேதிவாரியாகக் கட்டி, ஒரு பழைய தேயிலைப் பெட்டியில் வைத்திருந்தான்.

1952 ஜனவரி ஒன்பதாம் தேதியிட்ட வேறொரு கடிதமும் அந்தப் பெட்டிக்கு வந்து சேர்ந்தது. மவுண்ட்ரோட்டில் நடந்த ஒரு வாரப் பத்திரிகை, அவன் ஆறு ஆண்டுகளாக எழுதிய நாவலைத் தொடராக வெளியிடச் சம்மதித்திருந்தது. பெயரில்லாத கிளார்க்கை யார் படிப்பார்கள்? ஆகவே கதை பத்திரிகை வைத்த புனைபெயரில் வரும். கடைசி அத்தியாயத்தில் ஆசிரியரின் உண்மைப் பெயர் அறிவிக்கப்படும். அப்படித்தான் கடிதம் சொல்லியது. அந்த ஒரு வரிக்காக நீலமேகம் மற்ற எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை பத்திரிகை வரும். பிற்பகலில் வலைகளை உலர்த்திவிட்டு ஆண்கள் குமாரவேலின் சவரக்கடைக்கு வருவார்கள். குமாரவேல் கத்தியைக் கீழே வைத்துவிட்டு உரக்கப் படிப்பான். பாதி முகத்தில் சோப்புடன் உட்கார்ந்திருப்பவனும் அவசரப்படமாட்டான். நீலமேகம் மூலையில் அமர்ந்து, தன் வாக்கியங்கள் பிறர் முகங்களில் என்ன செய்கின்றன என்று கவனிப்பான்.

அங்குதான் அவன் ஒன்றைக் கண்டுகொண்டான். புயலையும் மலை போன்ற அலைகளையும் வருணித்த பக்கங்களில் கடைக்குள் இருமல் கேட்டது, பீடி பற்றவைத்தார்கள். கரைக்கு வந்தவன் மனைவி நீட்டிய கஞ்சியின் மேல் படிந்த மணலை ஊதி ஒதுக்கிவிட்டுக் குடித்தான் என்ற ஒற்றை வரியில் எல்லாரும் அசைவற்றுப் போனார்கள். புயல் அவன் கற்பனை. மணலை ஊதியது அவன் தந்தை.

"எழ்தறவன் நம்ப பக்கத்து ஆளுதான் மாமு. கஞ்சி குட்ச்சவன்தான் அத்த எழ்துவான்" என்றார் ஒரு கிழவர்.

"அடப் போ, யாரோ ஐயரு. எவன்கிட்டயோ கேட்டுகினு எழ்தறாரு" என்றான் குமாரவேல்.

நீலமேகம் கிழவருக்கு ஒரு பீடியை நீட்டினான்.

பதினான்காம் அத்தியாயத்தில்தான் தவறு நேர்ந்தது. கடலடியில் பாறைத் திட்டு உள்ள இடத்தைப் பார் என்பார்கள். மீன் அங்கே அடையும். நீர்மேல் அதற்குக் குறி ஏதும் இல்லை. கரையில் உள்ள இரண்டு பொருள்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் கோடு ஒன்று. வேறு இரண்டு பொருள்கள் நிற்கும் கோடு இன்னொன்று. இரண்டு கோடுகளும் சந்திக்கும் இடமே பார். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனக்கென ஒரு பார் உண்டு. தந்தை அதைக் கடலில் வைத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் காட்டுவார். கரையில் அதை யாரும் வாயால் சொல்வதில்லை.

நீலமேகம் அதைச் சொல்லவில்லை, எழுதினான். கதையில் ஒரு தந்தை மகனுக்குப் பாரைக் காட்டுகிறார். கோபுரத்தின் வலத்தோளில் தீப்பெட்டித் தொழிற்சாலைப் புகைபோக்கி ஒட்டி நிற்க வேண்டும் என்கிறார். பிறகு இரண்டாவது அடையாளத்தைக் காட்டக் கையை உயர்த்துகிறார். அத்தியாயம் அங்கே முடிந்தது. அடுத்த வாரம் வரை வாசகரைக் காக்க வைக்கும் உத்தி அது.

திங்கட்கிழமை காலை எத்திராஜ் அவன் வீட்டு வாசலில் நின்றான்.

"கதை எழ்தறது நீதானே?"

"யாரு சொன்னாங்க அண்ணாத்த?"

"கோபுரம், பொகைபோக்கி. நைனா செத்தப்புறம் அது தெரிஞ்சவன் ரெண்டு பேருதான். நான் எழ்தல. எனக்கு எழ்தவே தெரியாது. நேத்துலேர்ந்து ஆறு கட்டுமரம் அந்தக் கோட்டுலயே மேல கீழ தேடிகினு கீது. வெள்ளிக்கெயமை ரெண்டாவது அடையாளமும் வந்துச்சுன்னா என் புள்ளங்க இன்னாத்த துன்னும்?"

தன் பெயர் அச்சாகாத கதைக்குத் தன்னையே ஆசிரியன் என்று முதன்முதலில் நிரூபித்தது, தான் அண்ணனுக்குச் செய்த துரோகம்தான் என்பது நீலமேகத்துக்கு அப்போது உறைத்தது.

பதினைந்தாம் அத்தியாயம் முன்பே பத்திரிகைக்குப் போய்விட்டிருந்தது. உண்மை அடையாளம் அதில் இருந்தது. அதை நீக்கினால் மட்டும் போதாது, தேடுபவர்களை வேறிடம் அனுப்பும் பொய் அடையாளம் வேண்டும். அன்று வேலைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, அண்ணன் வீட்டிலேயே உட்கார்ந்து புதிதாக எழுதினான். எண்ணூர் உப்பளத்து வெள்ளைக் குவியலை இரண்டாவது அடையாளமாக வைத்துப் படித்துக் காட்டினான்.

எத்திராஜின் மனைவி சொக்கம்மாள் சிரித்துவிட்டாள். "இன்னா கொயுந்தனாரே, உப்ப வண்டில ஏத்திகினு போயிட்டா பாரும் கூடவே போய்டுமா?"

"குப்பத்துல ஒரு பயலும் நம்பமாட்டான்" என்றான் எத்திராஜ்.

நீலமேகம் தாளைக் கிழிக்காமல் மடித்து வைத்துவிட்டு மறுபடி தொடங்கினான். இம்முறை, எட்டாவது பயணத்தை நினைத்துக்கொண்டான். தந்தையின் நெத்திலி வாடை வீசும் கை தன் தாடையைப் பிடித்து முகத்தைக் கரைப்பக்கம் திருப்பியதை எழுதினான். கட்டைவிரல் காய்ப்பு கன்னத்தில் உரசியதை எழுதினான். பிள்ளை குமட்டிக் கடலில் கக்கியதையும், "கடலுக்கு காணிக்கை குட்த்துட்டடா" என்று தந்தை சிரித்ததையும் எழுதினான். அந்தக் கை அன்று திருப்பியது தெற்கே, இராயபுரத்து மாதா கோயில் கூம்பை மறைத்து நின்ற மூன்று பனைகளின் பக்கம். தாளிலோ அவன் அதை வடக்கே திருப்பினான். கத்திவாக்கத்துப் பாழ்பங்களாவின் முகடு ஒற்றைப் புளியமரத்தின் உச்சியில் உட்கார வேண்டும் என்று எழுதினான். அந்த இடத்தில் கடலடி வெறும் மணல்.

படித்து முடித்தபோது சொக்கம்மாள் சிரிக்கவில்லை. எத்திராஜ் எழுந்து வெளியே போய் வடக்கே பார்த்தான்.

மறுநாள் பத்திரிகை ஆசிரியர், அச்சுக் கோத்தாகிவிட்டது என்றார். நீலமேகம் நகரவில்லை. கடைசியில் அவர் ஒரு தாளை நீட்டினார். புனைபெயரும் கதையும் பத்திரிகைக்கே உரியவை, ஜனவரிக் கடிதத்தின் வாக்குறுதி இனிச் செல்லாது என்று அதில் தட்டச்சாகியிருந்தது. கையெழுத்திட்டால் பக்கங்கள் மாறும். எந்த வாக்கியத்துக்கு எவ்வளவு மதிப்பு என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நீலமேகம் கையெழுத்திட்டான். அதற்கும் ஒரு நகல் கேட்டு வாங்கிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை குமாரவேல் படித்தபோது சோப்பு காய்ந்தது, யாரும் கவனிக்கவில்லை. தாடையைத் திருப்பிய வரியில் அந்தக் கிழவர் தம் தாடையைத் தடவிக்கொண்டார். சனிக்கிழமை ஒன்பது கட்டுமரங்கள் புளியமரக் கோட்டைத் தேடி வடக்கே போயின. கிடைத்தது சொற்பம். ஆனாலும் மறுநாளும் போனார்கள். நீரோட்டம் சரியில்லை என்றார்கள், கல் ஆழத்தில் கிடக்கிறது என்றார்கள். கதை பொய் என்று ஒருவரும் சொல்லவில்லை. எத்திராஜ் மூன்று பனைக் கோட்டில் தனியாக வலை இறக்கினான்.

தொடர் ஜூனில் முடிந்தது. கடைசிப் பக்கத்தில் புனைபெயர் மட்டும் இருந்தது. நீலமேகம் அந்த இதழையும் பெட்டியில் வைத்தான்.

ஐப்பசியில் ஒரு பிற்பகல் எத்திராஜ் வந்து உட்கார்ந்தான். வெற்றிலையை மென்று துப்பிவிட்டுக் கேட்டான்.

"டேய், நைனா நம்பளுக்குக் காட்னது மூணு பனையா, புளியமரமா?"

"மூணு பனைதான் அண்ணாத்த. நீதானே தெனம் அங்க போய்கினு கீற."

"போறேன். மீனும் வருது. ஆனா கண்ண மூட்னா நைனா கை வடக்காலதான் திருப்புது. பனைய பாத்தா அவுரு மூஞ்சி வரமாட்டேங்குது."

நீலமேகம் தேயிலைப் பெட்டியைத் திறந்தான். ஜனவரியிலிருந்து அந்த நாள் வரை எல்லாத் தாள்களும் பெட்டியில் இருந்தன. அண்ணனிடம் எடுத்துக் காட்ட அவற்றில் ஒன்றும் உதவாது.

"நான் திருப்பி எழ்தட்டுமா? உனக்கு மட்டும்?"

"வேணாம். வுட்டுடு" என்றான் எத்திராஜ். "நல்லாத்தான் கீது."

தந்தையின் திதியன்று எத்திராஜ் விடியலில் கட்டுமரத்தைத் தள்ளினான். வலை எடுத்துப் போகவில்லை என்று சொக்கம்மாள் பிறகு சொன்னாள். பங்களா முகடு புளியமரத்தின் மேல் வந்து உட்காரும் வரை வடக்கே துழாவிப் போய், அந்த வெறும் மணலுக்கு மேல் வெயில் ஏறும் வரை நின்றுவிட்டுத் திரும்பினானாம்.