நடக்காத கோழிக்காகச் சண்டை போட்டவர்

செவ்வாய்க்கிழமை காலை கோழிகளுக்குத் தீவனம் போட்டுக்கொண்டிருந்தபோது, திண்டிவனம் மருந்துக் கடைக்காரர் ஃபோன் செய்தார். "டாக்டரம்மா போய்ட்டாங்கப்பா. மாரடைப்பு."

எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். இரண்டு வருடமாக நெஞ்சுவலிக்கு ஆஸ்பத்திரியில் காட்டச் சொன்னோம். கேட்டால்தானே?

அரசுக் கால்நடை மருந்தகத்திலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் மங்கையர்க்கரசி அவர்களைப் பண்ணைக்காரர்கள் அழைக்க வேண்டியதில்லை, அவரே வந்துவிடுவார். ஷெட்டுக்குள் நுழைந்தால் உட்கார மாட்டார், டீ குடிக்க மாட்டார். எந்தக் கோழி நொண்டுகிறது என்று அரை மணி நேரம் பார்த்துக்கொண்டே நிற்பார். நமக்கோ ஆயிரம் வேலை.

மூன்று வருடத்துக்கு முன் பெருமுக்கலில் என் பண்ணையில், பதினெட்டு நாள் குஞ்சுகள் எழ முடியாமல் காலை மடித்து உட்கார்ந்துவிட்டன. தீவனக் கம்பெனி சூப்பர்வைசர், "வைரஸ், ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். டாக்டரம்மாவோ, செத்துக் கிடந்த குஞ்சு ஒன்றை அறுத்து, கால் எலும்பை என் கையில் கொடுத்தார்.

"ஒடிங்க."

ஒடியவில்லை. ரப்பர் போல வளைந்தது.

"நல்ல எலும்புன்னா டக்குனு ஒடியணும். தீவனத்துல வைட்டமின் டி இல்ல. வைரஸாம், வைரஸ்!"

"மேடம், நீங்க ரிட்டையர் ஆயிட்டீங்க" என்றார் சூப்பர்வைசர்.

"நான் ரிட்டையர் ஆனா குஞ்சுக்குக் கால் வந்துருமா?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "இதுங்க தண்ணிகிட்ட போவ முடியாமதான் சாவுது. என்ன பாத்துக்கினு நிக்கறீங்க? தண்ணிக் குழாயை அதுங்களுக்கு எட்டற மாதிரி இறக்குங்க, ஜல்தி!"

முணுமுணுத்துக்கொண்டே இறக்கினேன். அவர் தண்ணீரில் மருந்தைக் கலந்தார். தேறவே தேறாத குஞ்சுகளைப் பிரித்தெடுத்து, அவரே கழுத்தை முறித்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"நீங்க மூஞ்சத் திருப்பிக்கினா அதுக்கு வலி போயிடுமா?"

ஒரு வாரத்தில் மற்றவை எழுந்து நடந்தன. கம்பெனி சத்தமில்லாமல் தீவனத்தை மாற்றியது. மற்ற பண்ணைகளுக்குச் சொல்லவில்லை. அம்மாதான் பஸ் ஏறி, பனமலை வரை ஷெட் ஷெட்டாகப் போய்ச் சொன்னார். பாதிப் பேர் அவரை உள்ளேயே விடவில்லை.

"நாப்பது நாள்ல கறிக்குப் போவப்போறதுக்குக் காலு எதுக்கும்மா?"

"அந்த நாப்பது நாளும் அது நடக்க வேணாமா?" என்று கேட்டுக் கேட்டே அவருக்குத் தொண்டை கட்டிப்போயிற்று.

போன மாதமும் வந்தார். ஒரு கோழிகூட நொண்டவில்லை. ஒரு நல்ல வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். அவரோ குனிந்து, தரையில் பரப்பியிருந்த உமியில் ஒரு பிடி எடுத்துக் கசக்கினார்.

"ஈரம். பாதம் புண்ணாயிடும். மாத்துங்க."

"எதுலதாம்மா உங்களுக்குத் திருப்தி?" என்று கத்திவிட்டேன்.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, வெயிலில் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். பைக்கில் கொண்டுபோய் விட்டிருக்கலாம். கோபத்தில் விடவில்லை.

நேற்று மயானம் வரை அவருக்குப் பின்னால் நடந்தேன். அவரை உள்ளே விடாத பண்ணைக்காரர்கள் சிலரும் வந்திருந்தார்கள்.

அம்மா, உமியை மறுநாளே மாற்றிவிட்டேன். ஃபோன் செய்து சொல்லத்தான் வீம்பு விடவில்லை. இப்போது சொல்கிறேன்.